மனநலம் கேள்வி பதில்: ‘உள்ளே ஒண்ணுமே இல்லை’

‘பார்டர்லைன் பெர்சனாலிட்டி’ (உணர்ச்சியும் உறவுகளும் தன்னைப் பற்றிய எண்ணமும் நிலையில்லாமல் மாறிக்கொண்டே இருக்கும் மனநோய்) என்று டாக்டர் சொன்னவர்களிடமிருந்தும் அவர்கள் வீட்டாரிடமிருந்தும் வந்த கடிதங்களில், கோபத்தையும் அழுகையையும்விட அதிகம் பேசப்படுவது வெறுமை. இந்த இதழில் அதற்கு மட்டும் பதில்.

எனக்கு வயது 26. சோகம் என்றால் எனக்குப் புரியும். இது சோகம் இல்லை, உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி. வீட்டில் ‘வேலைவெட்டி இல்லாமல் போரடிக்குது’ என்கிறார்கள். உண்மையில் இது என்ன?
*வாசகி, திருச்சி*

போரடிப்பது வேறு, இது வேறு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-ல் இந்த நோயைத் தன் கையேட்டில் முதன்முதலாகச் சேர்த்தபோது, வெறுமையையும் சலிப்பையும் ஒரே அறிகுறியாகத்தான் எழுதியது. 1994 பதிப்பில் சலிப்பை எடுத்துவிட்டார்கள். நீடித்த வெறுமை மட்டும் நின்றது. ஒன்பது அறிகுறிகளில் அது ஒன்று. குறைந்தது ஐந்து இருந்தால்தான் இந்த நோய் என்று முடிவு செய்வார்கள். ஆகவே வெறுமை மட்டும் இருக்கிற எல்லாருக்கும் பார்டர்லைன் என்று ஆகாது.

போரடித்தால் சுவாரசியமாக ஏதாவது வந்ததும் போய்விடும். வெறுமை அப்படிப் போகாது. கல்யாண மண்டபத்தில் காதருகே நாதஸ்வரம் வாசித்தாலும், சுற்றிலும் சொந்தக்காரர்கள் இருந்தாலும், எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற மாதிரியே இருக்கும். சோகத்தில் எதையோ இழந்த வலி உண்டு, அழுதால் கொஞ்சம் கரையும். இங்கே அழுவதற்கும் ஒன்றும் இருக்காது. எங்கே என்று கேட்டால் பலர் நெஞ்சுக்குழியையோ வயிற்றையோ தொட்டுக் காட்டுவார்கள். அதைப் பசி என்று நினைத்து நடுராத்திரியில் ஃபிரிட்ஜைத் திறப்பவர்களும் உண்டு.

வெறுமை வந்தால் ஆன்லைனில் எதையாவது வாங்குவேன், இல்லாவிட்டால் புதிதாக யாரோடாவது சாட் பண்ணுவேன். அரை மணி நேரம் நன்றாக இருக்கும். பிறகு முன்பைவிட மோசம். ஏன்?
*வாசகர், கோவை*

அந்த அரை மணி நேர நிம்மதி நிஜமானது. அதனால்தான் அந்தப் பழக்கம் விடுவதில்லை. நிம்மதி இறங்கியதும் ‘மறுபடி செய்துவிட்டேனே’ என்ற வெட்கம் வந்து சேர்கிறது. வெறுமையோடு அதுவும் கூடிவிடுவதால்தான் முன்பைவிட மோசம்.

இதன் அடியில் பெரும்பாலும் இரண்டு விஷயங்கள் இருக்கும். ‘நான் யார்’ என்பது நிலையாக இல்லாதது ஒன்று. கூட இருப்பவருக்குப் பிடித்த சாப்பாடு, பிடித்த பாட்டு, அவருடைய கருத்து எல்லாம் நம்முடையதாகிவிடும். அவர் விலகினால் அத்தனையும் அவரோடு போய்விடும். இன்னொன்று, ஒருவர் கண்ணெதிரே இல்லாதபோது அவர் நம்மேல் வைத்திருக்கும் அன்பு மனதில் தங்காதது. காலையில் அன்பாகப் பேசியவர் மாலையில் போனை எடுக்கவில்லை என்றால், காலைப் பேச்சே நடக்காத மாதிரி ஆகிவிடும்.

14 நாள் ஒரு நோட்டு போடுங்கள். எழுந்ததும், மதியச் சாப்பாட்டுக்குப் பின், மாலை 6 மணிக்கு, படுக்குமுன் என்று தினம் நான்கு தடவை. வெறுமைக்கு 0 முதல் 10 வரை ஓர் எண். பக்கத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், யாரோடு, அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று ஒரு வரி. இப்படி: ‘மாலை 6.10. எண் 8. அவள் “பிஸி, அப்புறம் பேசுறேன்”னு மெசேஜ் போட்டு 40 நிமிஷம் ஆச்சு. மதியம் 4.’

இதில் வழக்கமாக நடக்கும் தவறு, மோசமான நேரத்தில் மட்டும் எழுதுவது. அப்படி எழுதினால் அந்த மதிய 4 கண்ணில் படவே படாது. வாரக் கடைசியில் உட்கார்ந்து ஏழு நாளையும் ஒரே மூச்சில் நிரப்பினாலும் பயன் இல்லை. அன்றைய மனநிலை எல்லா நாளுக்கும் சாயம் பூசிவிடும். ஒழுங்காக எழுதினால் இரண்டு விஷயம் தெரியவரும். ‘எப்போதும்’ என்று நினைத்த வெறுமை ஏறி இறங்குகிறது. பல தடவை அது ஏறுவதற்குச் சற்று முன் அவமானமோ பயமோ கோபமோ வந்திருக்கிறது, வந்த வேகத்தில் மூடப்பட்டிருக்கிறது. வெறுமை பாதி நேரம் அந்த மூடியின் பெயர்தான்.

மூன்றாம் வாரத்தில் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். தினம் அதே நேரம், 20 நிமிடம். கை வேலையாக இருக்க வேண்டும், செய்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும், அடுத்தவர் பாராட்டை நம்பியதாக இருக்கக் கூடாது. தொட்டிச் செடி, கிழிந்த துணி தைப்பது, பழைய சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போடுவது, எதுவானாலும் சரி. அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். போட்டால் உங்கள் எண் லைக்கின் கையில் போய்விடும். முதல் நாளே ஐந்து வேலையைப் பட்டியல் போட்டவர்கள் நான்காம் நாள் எல்லாவற்றையும் விட்டுவிடுவார்கள். ‘மனசு வந்தால் செய்கிறேன்’ என்று காத்திருப்பதும் உதவாது. வெறுமையில் மனசு முதலில் வராது, கை ஆரம்பித்த பிறகு மெதுவாக வரும். சந்தோஷமாக இருந்ததா என்று பார்க்க வேண்டாம். 8 என்பது 7 ஆயிற்றா என்று பாருங்கள், போதும்.

தியானம் செய்யச் சொன்னார்கள். கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் நானே கரைந்து போகிற மாதிரி பயமாக இருக்கிறது.
*வாசகி, சேலம்*

அப்படியானால் கண்ணை மூடாதீர்கள். ஏற்கெனவே உள்ளே ஒன்றுமில்லை என்று தோன்றுகிறவரை உள்ளே பார்க்கச் சொன்னால் சிலருக்கு இப்படித்தான் ஆகும். கவனத்தை வெளியே வையுங்கள், இரண்டு நிமிடம் போதும். ஓர் எவர்சில்வர் டம்ளரை விளக்குங்கள்: சோப்பின் வழுக்கல், தண்ணீரின் குளிர்ச்சி, சுத்தமானதும் விரலுக்கடியில் வரும் ‘கீச்’. மிதக்கிற மாதிரி இருந்தால் இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்துங்கள், ஒரு துண்டு இஞ்சியை மெல்லுங்கள். முகத்தில் குளிர்ந்த நீர் என்று சொல்லப்படும் முறை உணர்ச்சிக் கொதிப்பை இறக்குவதற்கானது. மரத்துப்போன நேரத்துக்கு அது பொருந்தாது, இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யவும் கூடாது.

வெறுமைக்கு மாத்திரை உண்டா?
*வாசகர், தஞ்சாவூர்*

வெறுமைக்கென்று மாத்திரை கிடையாது. கூடவே இருக்கும் மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மாத்திரை தருவார்கள், அது தேவைதான். ஆனால் சில மனச்சோர்வு மாத்திரைகள் சிலருக்கு உணர்ச்சியையே மழுங்கடிக்கும். வெறுமை மாத்திரைக்கு முன்பே இருந்ததா, டோஸ் கூட்டிய பிறகு வந்ததா என்று தேதியோடு டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

என் மகளிடம் ‘உனக்கு என்ன குறை வச்சோம்?’ என்று கேட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. வேறு எப்படித்தான் பேசுவது?
*ஒரு தாய், மதுரை*

அம்மா, நீங்கள் ஆதங்கத்தில் கேட்டீர்கள். அவள் காதில் அது ‘நீ நன்றி கெட்டவள்’ என்று விழுந்திருக்கும். அடுத்த முறை ‘இப்ப பத்துக்கு எத்தனைடி?’ என்று கேளுங்கள். எட்டு என்றால், ‘எட்டா, கஷ்டம்தான்’ என்று சொல்லிவிட்டுக் கீரையைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்காருங்கள். இரண்டு பேருமாக ஆயலாம். யோசனை எதுவும் சொல்ல வேண்டாம். அவள் வெளியூரில் இருந்தால், ‘எப்ப வேணும்னாலும் கூப்பிடு’ என்பதைவிட, ‘ராத்திரி ஒன்பதுக்கு நான் கூப்பிடறேன்’ என்று சொல்லிப் பத்து நிமிடம் பேசுவது மேல். சொன்ன நேரம் தவறக் கூடாது. எப்போதும் இருப்பேன் என்று சொல்லிவிட்டு ஒருநாள் போனை எடுக்காமல் போவதுதான் இந்த நோயில் பெரிய அடி.

ராத்திரியில் வெறுமை முற்றினால், இல்லாமலே போய்விடலாம் என்று தோன்றுகிறது.
*பெயர் வேண்டாம்*

இதை எழுதி அனுப்பியதற்கு நன்றி. இன்று பகலிலேயே, மனம் தெளிவாக இருக்கும்போது, வீட்டில் உள்ள மாத்திரைகளையும் ஆபத்தான பொருள்களையும் நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். மாத்திரையை ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள். ஒரு தாளில் உங்களுக்கு வரும் முதல் அறிகுறி, தனியே செய்யக்கூடியவை இரண்டு, போய் உட்காரக்கூடிய இடம் ஒன்று, கூப்பிடக்கூடிய இருவர் என்று வரிசையாக எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் 14416-ல் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், இலங்கையில் 1926. தாளில் உள்ள எதுவும் கைகொடுக்கவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஒரு வருடம் டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி என்ற பேச்சுவழி) சிகிச்சை முடித்தேன். தன்னைக் காயப்படுத்திக்கொள்வது நின்றுவிட்டது. வெறுமை மட்டும் அப்படியே இருக்கிறது. சிகிச்சை தோற்றுவிட்டதா?
*வாசகி, சென்னை*

தோற்கவில்லை. எது முதலில் போகுமோ அது போயிருக்கிறது. அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் மேரி ஜனாரினி குழு 1992 முதல் இந்த நோய் உள்ள 290 பேரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பார்த்து வந்தது. தன்னைக் காயப்படுத்துவது போன்றவை சீக்கிரம் விலகின. வெறுமை, தனிமையைத் தாங்க முடியாமை, கோபம் ஆகியவை விலக அதிக காலம் எடுத்தன.

டி.பி.டி.யை உருவாக்கிய மார்ஷா லினஹனும் சிகிச்சையைப் படிப்படியாகத்தான் வகுத்தார். முதல் படியின் வேலை உயிருக்கு ஆபத்தானவற்றை நிறுத்துவது. நீங்கள் முடித்திருப்பது அது. அடுத்த சந்திப்பில், ‘இனி வெறுமையை இலக்காக வைத்துக்கொள்ளலாமா?’ என்று நேரடியாகக் கேளுங்கள். தினம் நிரப்பி வாராவாரம் சிகிச்சையாளரிடம் காட்டும் டைரி கார்டில் அதற்கென்று ஒரு பத்தி போடச் சொல்லுங்கள். மேலே கோவை வாசகருக்குச் சொன்ன 14 நாள் நோட்டையும் எழுதிக்கொண்டு போங்கள். அதில் எண் இறங்கிய நேரங்களை முதலில் காட்டுங்கள், பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.