டர்பனில் பறிபோன வீடு: ஏஜென்ட்டுக்கு பவர் எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்தவள் நான். என் கணவரின் தாத்தா இங்கே கேட்டோ மேனர் பகுதியில் வாடகை நிலத்தில் தகர வீடு கட்டி இருந்தவர். 1960-களில், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் அவர்களைக் கிளப்பி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்தில் குடிவைத்தார்கள். பத்திரம் எதுவும் இல்லை. இப்போது ஒரு ஏஜென்ட் வந்து, "இழப்பீட்டு மனு திரும்ப வாங்குகிறார்கள், பதிவுக் கட்டணம் 3,500 ராண்ட், ஒரு பவர் எழுதிக் கொடுத்தால் போதும்" என்கிறார். மாமியார் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார். போடலாமா?

பதில்: போட வேண்டாம். மாமியாரின் அடையாள அட்டை நகலையும் கொடுக்க வேண்டாம்.

அந்த ஏஜென்ட் சொன்ன முதல் வாக்கியமே பொய். இனவெறிச் சட்டங்களால் நிலத்தைப் பறிகொடுத்தவர்களுக்கான நில மீட்புச் சட்டம் 1994-இல் வந்தது. மனு போடக் கடைசி நாள் 1998 டிசம்பர் 31. 2014-இல் சட்டத்தைத் திருத்தி மறுபடி கதவைத் திறந்தார்கள். மக்களிடம் சரியாகக் கருத்துக் கேட்காமல் அவசர அவசரமாக நிறைவேற்றிய திருத்தம் என்று 2016 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதற்குள் வந்து சேர்ந்த மனுக்கள் செல்லும், ஆனால் 1998 கெடுவுக்குள் வந்த மனுக்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். 2019-இல் அதே நீதிமன்றம் அந்த வரிசையை இன்னும் இறுக்கிவிட்டது. இன்றைக்குப் புதிதாக யாரிடமும் மனு வாங்குவதில்லை. மனு வாங்கிய காலத்திலும் கட்டணம் ஒரு சென்ட்கூடக் கிடையாது. 'பதிவுக் கட்டணம்' என்று யார் வாய் திறந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது வேறு: உங்கள் குடும்பத்தில் யாராவது ஏற்கெனவே மனு போட்டிருக்கிறார்களா? 1998-இல் பெரும்பாலும் மூத்த பிள்ளையோ, ஒரு பெரியப்பாவோ, படித்த அத்தையோ எல்லாருக்குமாகச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாது. நில உரிமை மீட்பு ஆணையத்தின் குவாசூலு-நட்டால் அலுவலகத்துக்குத் தாத்தாவின் பெயர், கேட்டோ மேனரில் இருந்த தெரு, சாட்ஸ்வர்த்துக்கு வந்த வருடம் மூன்றையும் எழுதி, கோப்பு எண் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், முத்திரை போட்ட நகல் வாங்குங்கள். போனில் கேட்டால் "சிஸ்டம் டவுன்" என்பார்கள், அடுத்த மாதமும் அதையேதான் சொல்வார்கள்.

பெயரைத் தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலோடு நின்றுவிடாதீர்கள். இங்கே முதலியார் 'மூட்லி' ஆனார், கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார். அண்ணனும் தம்பியுமே ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருப்பார்கள். சிலரின் தந்தை பெயர் குடும்பப் பெயராகி, சாதிப் பட்டம் காணாமலே போயிருக்கும். 'மனுவே இல்லை' என்று வந்த பதிலை நம்பிப் போன குடும்பத்துக்கு, ஒரு எழுத்தை மாற்றித் தேடியதும் கோப்பு கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, 'பத்திரம் இல்லையே' என்ற உங்கள் கவலை. ஏஜென்ட்டுகள் மிரட்டுவது இந்த இடத்தில்தான்: "பத்திரம் இல்லாதவங்களுக்கு உள்ளே ஆள் வச்சுத்தான் முடிக்கணும்." சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நிலத்தின் சொந்தக்காரர் மட்டும்தான் கேட்கலாம் என்றில்லை. பறிக்கப்பட்ட நாளுக்கு முன் தொடர்ந்து பத்து வருடமாவது ஒரு இடத்தில் அனுபவத்தில் இருந்தவருக்கும் உரிமை உண்டு. வாடகைக்கு இருந்தவரா? பத்து வருடம் காட்ட முடிந்தால் அவருக்கும் உண்டு. அடுத்தவர் நிலத்தில் தகரமும் மரச்சட்டமும் வைத்து வீடு கட்டியவரா? அவருக்கும் அதே கணக்குத்தான். நம்மவர்கள் நிலத்தில் வாடகைக்கு இருந்து, கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய குவாமாஷுவுக்கும் உம்லாசிக்கும் விரட்டப்பட்ட கறுப்பினக் குடும்பங்களுக்கும் இதே உரிமை இருக்கிறது. இதை நம் ஆட்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். பத்து வருடத்தைக் காட்ட வாடகை ரசீது இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மாமனார் படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் வீட்டு முகவரி இருக்கும். பிறப்புச் சான்றிலும் இருக்கலாம். சாட்ஸ்வர்த் வீடு ஒதுக்கிய நகராட்சிக் கடிதத்தில் பழைய முகவரி இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். பக்கத்து வீட்டில் இருந்த யாராவது உயிரோடு இருந்தால், முதலில் அவரிடம் பிரமாண வாக்குமூலம் வாங்குங்கள். மற்ற காகிதமெல்லாம் காத்திருக்கும். ஆனால் இதெல்லாம் ஏற்கெனவே கோப்பு இருந்தால்தான் பயன்படும் என்பதை மறக்க வேண்டாம்.

நிலமே திரும்பக் கிடைக்குமா என்றால், கேட்டோ மேனரில் அந்த நினைப்பு வேண்டாம். 1958-இல் வெள்ளையருக்கென்று அறிவித்து ஆட்களை விரட்டினார்கள். பிறகு அதில் பெரும்பகுதியைப் பல வருடம் புதர் மண்டப் போட்டார்கள். இந்த அநியாயத்தை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். 1990-களில் டர்பன் நகராட்சி, மீட்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவைக் காட்டி, பொதுநலத்துக்காக அந்த நிலத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று நீதிமன்றம் போனது. நகர்ப்புற மனுக்கள் பெரும்பாலும் பணத்தில்தான் முடிகின்றன. அந்தப் பணம் இன்றைய சந்தை விலை இல்லை. வாரிசுகளுக்குள் பங்காகவும் பிரியும். கோடி வரும் என்று ஏஜென்ட் சொன்னால் அவர் தன் கமிஷனைப் பற்றித்தான் பேசுகிறார்.

பங்கு என்றதும் ஒன்று. ஆணையம் வம்சாவளிப் பட்டியல் கேட்கும். பாட்டியின் கல்யாணம் கோயிலில் நடந்து பதிவாகாமல் இருந்தால், பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகளையும் உறவினர் வாக்குமூலத்தையும் சேர்த்து வையுங்கள். பட்டியலில் ஒரு அத்தையை விட்டுவிட்டால், பணம் வரும் நாளில் அவர் பிள்ளைகள் வந்து நிற்பார்கள், எல்லாருக்கும் பட்டுவாடா நின்றுவிடும்.

கோப்பு கிடைத்தால் அது எந்த நிலையில் இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது, பணம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதா என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பெரியப்பா வாங்கிவிட்டார் என்று தெரிந்தால் சண்டைக்குப் போகுமுன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். காசு இல்லையென்றால் அரசின் சட்ட உதவி அமைப்பான லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்காவில் கேட்டுப் பாருங்கள். 1998 கோப்புகளே இன்னும் முடியாமல் கிடக்கும் நாட்டில் பொறுமையாக இருங்கள் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் போட்டு நச்சரித்துக்கொண்டே இருங்கள்.

இதைப் படிப்பதற்குள் மாமியார் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தப் பவரை ரத்து செய்வதாக இன்றே எழுதி ஏஜென்ட்டுக்கு ஒரு நகலும் ஆணையத்துக்கு ஒரு நகலும் அனுப்புங்கள். பணமும் கொடுத்திருந்தால் ரசீதை எடுத்துக்கொண்டு போலீஸில் புகார் கொடுங்கள்.