டர்போ காரில் எக்ஸாஸ்ட் மாற்றினால் திறன் கூடுமா? கேள்வி பதில்

டர்போ கார்களில் சைலன்சர், டவுன்பைப் (டர்போவிலிருந்து கிளம்பும் முதல் குழாய்) போன்ற வெளிச்சந்தை எக்ஸாஸ்ட் பாகங்களைப் பொருத்துவது குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறேன். ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கோயம்புத்தூர்: என்னிடம் 2021ஆம் ஆண்டு போலோ 1.0 டிஎஸ்ஐ உள்ளது. கேட்-பேக் எக்ஸாஸ்ட் மட்டும் போட்டாலே 10 குதிரைத்திறன் கூடும் என்று கடைக்காரர் சொல்கிறார். நம்பலாமா ஐயா?

நம்ப வேண்டாம். அந்த எஞ்சினின் 110 பிஎஸ் திறனையும் 175 நியூட்டன்மீட்டர் முறுக்குவிசையையும் முடிவு செய்வது குழாய் அல்ல, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ. நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது அது இவ்வளவு முறுக்குவிசை வேண்டும் என்று கணக்கிட்டு, அதற்குத் தேவையான பூஸ்ட் அழுத்தத்தை (டர்போ எஞ்சினுக்குள் ஊதும் காற்றின் அழுத்தத்தை) நிர்ணயித்து, அந்த அளவு வந்ததும் வேஸ்ட்கேட் என்ற வால்வைத் திறந்து மிச்சப் புகையை, டர்போவைச் சுழற்றும் டர்பைனுக்குப் போகாமல் வெளியே விட்டுவிடுகிறது. பின்னால் குழாய் தாராளமாக இருந்தால் அதே பூஸ்ட் சற்று எளிதாகக் கிடைக்கும், வேஸ்ட்கேட் இன்னும் கொஞ்சம் அதிகமாகத் திறக்கும், அவ்வளவுதான். இலக்கு மாறாதபோது விளைவு பெரிதாக மாறாது. கேட்-பேக் என்பது, புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கிக்குப் பிறகு வரும் பகுதி. அங்கே வரும் புகை ஏற்கனவே தன் வேலையை முடித்துவிட்ட புகை. ஒலி மாறும், சில கிலோ எடை குறையலாம், அவற்றுக்காக வாங்குவதென்றால் வாங்குங்கள்.

சேலம்: பின்னழுத்தம் (வெளியேறும் புகையை எதிர்த்து நிற்கும் அழுத்தம்) குறைந்தால் கீழ் ஆர்பிஎம்-இல் இழுவை போய்விடும் என்று எங்கள் மெக்கானிக் எச்சரிக்கிறார்.

டர்போ இல்லாத எஞ்சின்களைப் பார்த்து உருவான கருத்து அது. அங்கேயும் உதவுவது பின்னழுத்தம் அல்ல; சரியான விட்டமும் நீளமும் உள்ள குழாயில் புகையின் வேகமும் அழுத்த அலைகளும் சேர்ந்து அடுத்த சிலிண்டரைக் காலி செய்ய உதவுகின்றன. குழாயை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் அந்த உதவி போய்விடுகிறது. அதைப் பார்த்தவர்கள் பின்னழுத்தம் போனதுதான் காரணம் என்று எடுத்துக்கொண்டார்கள். டர்போ காரில் அந்த அலைகளைப் பெரும்பாலும் டர்பைன் உடைத்துவிடுகிறது. டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. டர்போ சீக்கிரம் சுழன்று எழுவதால் கீழ் ஆர்பிஎம் இழுவை கூடவே செய்யும்.

மதுரை: அப்படியானால் ரீமேப்புடன் (ஈசியூ மென்பொருளை மாற்றுவதுடன்) டவுன்பைப் போடுவதில் உண்மையான பலன் உண்டா? எங்கிருந்து வருகிறது அந்தப் பலன்?

உண்டு. இதை மட்டும் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

டர்பைனைச் சுழற்றுவது அதன் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் உள்ள அழுத்த விகிதம். காற்றை அழுத்தும் கம்ப்ரசருக்கு வேண்டிய சக்தியைத் தர அந்த விகிதம் 1.8 ஆக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் 0.2 பார் குறைத்தால், அதே விகிதத்துக்கு முன்னால் 0.36 பார் குறைவான அழுத்தம் போதும். பிஸ்டன் புகையைத் தள்ளுவது இந்த முன்பக்க அழுத்தத்தை எதிர்த்துத்தான். ஆகவே அங்கே அழுத்தம் இறங்கினால், புகையை வெளியேற்ற எஞ்சின் செலவழிக்கும் உழைப்பு குறைகிறது, சிலிண்டரில் தங்கும் சூடான பழைய புகை குறைகிறது, நாக்கிங் (கலவை நேரம் தவறித் தானாக வெடிப்பது) தள்ளிப்போகிறது, ஈசியூ இக்னிஷனை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, முன்னே நகர்த்த இடம் கிடைக்கிறது. பலன் அந்த இடத்திலிருந்துதான் வருகிறது. குழாய் தானாக ஒரு குதிரையையும் உற்பத்தி செய்வதில்லை.

ரீமேப் செய்த பிறகு இது ஏன் கூடுதல் முக்கியம் பெறுகிறது என்றால், குழாயில் ஏற்படும் அழுத்த இழப்பு ஏறக்குறைய ஓட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. 110 பிஎஸ் எஞ்சினை 140 பிஎஸ்-க்குக் கொண்டு போனால் புகையின் ஓட்டம் சுமார் 27 விழுக்காடுதான் கூடும், ஆனால் அதே குழாயில் இழப்பு 60 விழுக்காட்டுக்கு மேல் கூடிவிடும். கம்பெனிக் குழாய் 110-க்குப் போதுமானதாக இருந்து 140-க்குத் தடையாவது இப்படித்தான். விட்டத்தின் விளைவு இன்னும் கடுமையானது: 2 அங்குலக் குழாயை 2.5 அங்குலமாக்கினால் நேர்க்குழாயில் இழப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

ஆனால் வண்டியில் எதை மாற்ற முடியும் என்றும் பார்க்க வேண்டும்; முதலில் கேட்டவரின் போலோவையே எடுத்துக்கொள்வோம். போலோவின் 1.0 டிஎஸ்ஐ எஞ்சினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கிறது. அதற்கு ஹெட்டர் என்ற தனி மேனிஃபோல்டு விற்க வருபவர் இந்த எஞ்சினைத் திறந்து பார்த்தவர் அல்லர். டர்போவை ஒட்டியே வினையூக்கி அமர்ந்திருக்கிறது. உண்மையான நெருக்கடி அந்த முதல் ஒன்றரை அடியில்தான். கம்பெனி வினையூக்கிகளில் சதுர அங்குலத்துக்கு 400 முதல் 900 வரை நுண்துளைகள் இருக்கும். ஸ்போர்ட்ஸ் கேட் எனப்படுபவற்றில் பெரும்பாலும் 200. துளை பெரிதானால் தடை குறையும், புகையைச் சுத்தம் செய்யும் பரப்பும் குறையும்.

வாங்குவதற்கு முன் குழாயைக் கையில் எடுத்து, குழாய்கள் இணையும் தட்டான ஃபிளாஞ்சின் உட்புறத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். பல மலிவான டவுன்பைப்புகளில் வெல்டிங் உள்ளே மொத்தமாக வழிந்து நிற்கும். வளைவின் உட்பக்கம் சுருங்கி மடிப்பு விழுந்திருக்கும். வெளியே கண்ணாடி போல் பாலிஷ் செய்யப்பட்டிருக்கும் அந்தக் குழாய், கம்பெனிக் குழாயைவிட மோசமாகப் புகையை அடைக்கக்கூடும்.

திருச்சிராப்பள்ளி: விர்ட்டஸ் 1.5 டிஎஸ்ஐ, டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். ரீமேப், டவுன்பைப் இரண்டையும் ஒன்றாகச் செய்யலாம் என்று இருக்கிறேன்.

முதலில் கியர்பாக்ஸை நினையுங்கள். அந்தக் காரில் உள்ள 7 வேக உலர் கிளட்ச் டிஎஸ்ஜி-யின் வரம்பு 250 நியூட்டன்மீட்டர். உங்கள் எஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போதே 250 தருகிறது. எக்ஸாஸ்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கூடுதல் முறுக்குவிசை போய்ச் சேரும் இடம் ஏற்கனவே விளிம்பில் நிற்கிறது. மேலும், வோக்ஸ்வாகன் குழுமத்தின் கார்களில் ஈசியூ மென்பொருள் மாற்றப்பட்டது சர்வீஸ் மையத்தின் சோதனையில் தெரியவந்தால் டிடி1 என்ற குறி பதிவாகும். பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றினாலும் அந்தப் பதிவு போகாது. வாரன்டி முடியாத வண்டியாக இருந்தால் நான் கை வைக்க மாட்டேன்.

டொராண்டோ: 2004 சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் வைத்திருக்கிறேன். டவுன்பைப் மாற்றிய பிறகு குளிர்காலத்தில் முழுவேகத்தில் எஞ்சின் திடீரென்று அறுந்தாற்போல் நின்று மீள்கிறது.

அது ஓவர்பூஸ்ட் தடுப்பு. பழைய கார்களின் ஈசியூ இன்றைய கார்களைப் போல முறுக்குவிசையைக் கணக்கிட்டு விரைந்து திருத்துவதில்லை; வேஸ்ட்கேட்டுக்கு முன்கூட்டியே எழுதி வைத்த அளவுகளை நம்பியே பெரும்பாலும் இயங்குகிறது. பின்னழுத்தம் குறைந்ததும் டர்போ எதிர்பார்த்ததைவிட அதிகம் ஊதுகிறது, குளிர்காற்று அடர்த்தியாக இருப்பதால் அது இன்னும் கூடுகிறது, வரம்பைத் தாண்டியதும் ஈசியூ எரிபொருளை நிறுத்துகிறது. உங்களைப் போன்றவர்களுக்கு ரீமேப் இல்லாமலேயே டவுன்பைப் திறனைக் கூட்டும் என்பது உண்மை. ஆபத்தும் அதே காரணத்தால்தான். ரீமேப் செய்யும்வரை முழு ஆக்சிலரேட்டர் கொடுக்காதீர்கள்.

கூடவே ஒன்று. வட அமெரிக்கச் சந்தைக்கான 2002 முதல் 2005 வரையிலான டபிள்யூஆர்எக்ஸ்-இல் டர்போவுக்கு முன்னாலேயே, அப்பைப் என்ற குழாயில், ஒரு சிறு வினையூக்கி உண்டு. வயதாகி அது உதிர்ந்தால் துண்டுகள் நேரே டர்பைன் இறக்கைகளில் போய் மோதும். திறனைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதைக் கழற்றிச் சோதியுங்கள்.

உதகமண்டலம்: எங்கள் ஊர் உயரத்தில் எக்ஸாஸ்ட் மாற்றுவது அதிகப் பலன் தருமா?

சுவையான கேள்வி. உதகை ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தம் சுமார் 77 கிலோபாஸ்கல், அதாவது கடல்மட்டத்தைவிட 24 கிலோபாஸ்கல் குறைவு. எக்ஸாஸ்ட் கடைசியில் போய்ச் சேரும் வெளியழுத்தம் அந்த அளவுக்கு இயற்கையாகவே குறைந்துவிடுகிறது. பல எக்ஸாஸ்ட் பாகங்களால் தர முடியாத இறக்கம் அது. ஆனால் உள்ளே வரும் காற்றும் அதே அளவு மெலிந்திருக்கிறது. மேனிஃபோல்டில் 2.2 பார் தனியழுத்தம் (வெற்றிடத்திலிருந்து அளக்கும் மொத்த அழுத்தம்) வேண்டும் என்றால் சமவெளியில் கம்ப்ரசர் காற்றை ஏறக்குறைய 2.2 மடங்கு அழுத்தினால் போதும். உங்கள் ஊரில் 2.9 மடங்கு. டர்போ அதற்காக மிக வேகமாகச் சுழல வேண்டும். கம்பெனி மென்பொருள் வெளியழுத்தத்தைப் பார்த்து இலக்கைக் குறைத்துக்கொள்ளும். அந்தக் காவலை நீக்கிய ரீமேப்பும் தடையற்ற டவுன்பைப்பும் சேர்ந்தால், சமவெளியில் பிழைக்கும் டர்போ மலையில் மிகைவேகத்தால் சாகலாம். ரீமேப் செய்பவரிடம் உயரத் திருத்தத்தை வைத்திருக்கிறாரா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சென்னை: வினையூக்கியையே எடுத்துவிடலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

எடுக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. ஒலி, புகை வரம்புகளை மீறினால் 190(2) பிரிவின்படி முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. உரிமமும் மூன்று மாதம் முடக்கப்படும். விபத்துக் காப்பீட்டுக் கோரிக்கையிலும் இது பிரச்சினையாகும். சட்டம் ஒருபுறம் இருக்க, 200 துளை வினையூக்கிக்கும் வெறும் குழாய்க்கும் இடையே சாலையில் உணரக்கூடிய திறன் வேறுபாடு கிடையாது என்பதே என் கருத்து. கார்பன் மோனாக்சைடை வீட்டு வாசலில் விடுவதற்கு அது ஈடாகாது.

ஈரோடு: டவுன்பைப் போட்டதும் 18 குதிரைத்திறன் கூடியது என்று டைனோ (திறன் அளக்கும் இயந்திரம்) தாள் காட்டினார்கள். எப்படிச் சரிபார்ப்பது?

முன்னும் பின்னும் எடுத்த ஓட்டங்கள் ஒரே நாளில், ஒரே டைனோவில், ஒரே கியரில் எடுக்கப்பட்டனவா, இரண்டிலும் உள்வரும் காற்றின் வெப்பநிலை என்ன என்று கேளுங்கள். டர்போ ஊதும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறிய நிலையில் முதல் ஓட்டமும், ஒரு மணி நேரம் விசிறிக் காற்றில் ஆறவிட்டு இரண்டாம் ஓட்டமும் எடுத்தால், ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல் திறனைக் கூட்டிக் காட்டலாம்.

நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஈசியூவின் தகவல்களைப் படிக்கும் ஓபிடி கருவியை இணைத்து, மூன்றாம் கியரில் முழு ஆக்சிலரேட்டரில், இலக்குப் பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், வேஸ்ட்கேட் நிலை, இக்னிஷன் பின்னிழுப்பு (தீப்பொறியைத் தாமதப்படுத்துவது) ஆகிய நான்கையும் பதிவு செய்யுங்கள். பொதுச்சாலையில் வேண்டாம், கரி மோட்டார் ஸ்பீட்வே உங்கள் ஊரிலிருந்து தொலைவில்லை. மேல் ஆர்பிஎம்-இல் வேஸ்ட்கேட் முழுதும் மூடியிருந்தும் பூஸ்ட் இலக்கைத் தொடாமல் சரிந்தால், காற்று உள்ளே வரும் பக்கத்தில் கசிவு இல்லை என்று உறுதி செய்த பிறகு, எக்ஸாஸ்டைச் சந்தேகிக்கலாம். வேஸ்ட்கேட் பாதி திறந்தபடியே இலக்கு கிடைத்து, இக்னிஷன் மட்டும் பின்னிழுக்கப்படுகிறது என்றால் உங்கள் சிக்கல் பெரும்பாலும் வெப்பம். ஏப்ரல், மே மாதங்களில் நம் ஊரில் பெரும்பாலான வண்டிகளின் பதிவு இப்படித்தான் இருக்கும். அவற்றுக்கு முதலில் தேவை நல்ல இன்டர்கூலர்.

தூத்துக்குடி: எனக்குத் திறன் வேண்டாம், ஒலி மட்டும் போதும். ஆனால் நெடுஞ்சாலையில் காதடைக்கும் ரீங்காரம் வருகிறது.

உங்களுடையது மூன்று சிலிண்டர் எஞ்சினாக இருந்தால், அது 2,400 ஆர்பிஎம்-இல் நொடிக்கு 60 முறை எரிகிறது. அந்த 60 ஹெர்ட்ஸ் கேபினோடு ஒத்ததிர்கிறது. இதை அடக்க ஒருமுனை மூடிய பக்கக்குழாய் ஒன்றை வெல்டு செய்வார்கள், ஆனால் சூடான புகையில் அதன் நீளம் ஏறக்குறைய 1.9 மீட்டர் இருக்க வேண்டும். சிறிய காரின் அடியில் இடம் கிடைக்காது. கழற்றிய நடு ரெசனேட்டரைத் திரும்ப மாட்டிவிட்டு, பின் மஃப்ளரை மட்டும் மாற்றுங்கள்.

நாகர்கோவில்: டவுன்பைப் மாற்றிய பின், காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று ஒலி. சூடானதும் நின்றுவிடுகிறது. எஞ்சின் விளக்கும் எரிகிறது.

ஃபிளாஞ்சில் கசிவு. குளிர்ந்திருக்கும்போது விரியும் இடைவெளி சூட்டில் மூடிக்கொள்கிறது. கேஸ்கெட்டைச் சுற்றிக் கறுப்புக் கோடு படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த இடம் முதல் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் இருப்பதால், புகை அலைகளின் இடையே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, கலவை மெலிந்துவிட்டது என்று சென்சார் தவறாகச் சொல்லும். ஈசியூ தேவையின்றிப் பெட்ரோலைக் கூட்டும். பிழைக் குறியீடு பி0420 என்று வந்தால் மட்டும் அது வேறு கதை: வினையூக்கி போதுமான அளவு வேலை செய்யவில்லை என்று பின் சென்சார் சொல்கிறது. முதலில் புதிய உலோகக் கேஸ்கெட் போட்டு, நட்டுகளைக் குறுக்கு வரிசையில் டார்க் ரெஞ்சால் இறுக்கி, ஒருமுறை நன்றாகச் சூடாக்கி, ஆறிய பிறகு மறுபடியும் சரிபார்த்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.