அம்மா சொன்னதை எழுதுவதா, நான் பார்த்ததை எழுதுவதா?

கேள்வி: ஆசிரியர் பயிற்சி படிக்கிறேன். குழந்தை வளர்ச்சிப் பதிவேட்டுக்காக நாலரை வயதுப் பையன் ஒருவனை மழலையர் வகுப்பில் இரண்டு தடவை கவனித்தேன். இரண்டு தடவையும் சேர்த்து ஐந்தாறு வார்த்தைகூடப் பேசவில்லை. அவன் அம்மாவிடம் பேட்டி எடுத்தால், "வீட்டில் வாய் ஓயவே ஓயாது" என்கிறார். பதிவேட்டில் எதை எழுதுவது? முரணாக எழுதினால் மதிப்பெண் குறையுமா?

பதில்: இரண்டையும் எழுதுங்கள். எது நீங்கள் பார்த்தது, எது அம்மா சொன்னது, எந்த இடம், எந்த நேரம் என்று பிரித்து எழுதுங்கள். வீட்டில் ஒரு மாதிரியும் வகுப்பில் ஒரு மாதிரியும் இருக்கிறான் என்பதே உங்களுக்குக் கிடைத்திருக்கும் முக்கியமான தகவல். அதைக் கூட்டிக் கழித்து "சுமாராகப் பேசுகிறான்" என்று எழுதிவிட்டால்தான் பதிவேடு கெட்டுப்போகும். சுமாராகப் பேசுகிற அந்தப் பையன் வீட்டிலும் இல்லை, வகுப்பிலும் இல்லை.

ஆனால் இரண்டு தடவை போதாது. முதல் நாள் குழந்தை உங்களைத்தான் கவனித்துக்கொண்டிருப்பான். அந்த நாளைப் பழகுவதற்கென்று விட்டுவிடுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்குப் பிறகு வெவ்வேறு நாட்களில் மூன்று தடவை, தடவைக்கு 20 நிமிடம். ஒன்று இஷ்டம்போல் விளையாடும் நேரம், ஒன்று ஆசிரியை நடத்தும் நேரம், ஒன்று வீட்டுக்குக் கிளம்பும் நேரம். கிளம்பும் நேரத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அம்மாவைக் கண்டதும் அவன் வாயிலிருந்து என்ன வருகிறது என்பது அப்போதுதான் தெரியும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, பக்கவாட்டில், அவன் கண் உயரத்துக்கு உட்காருங்கள். கிட்டே வந்தால் "நான் எழுதிட்டிருக்கேன்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் குறிப்பேட்டைப் பாருங்கள். ஒருமுறை விளையாட்டுக் காட்டினால் அன்றைய பொழுது போயிற்று.

ஒரு நிமிடம் பாருங்கள், அடுத்த நிமிடம் எழுதுங்கள். 20 நிமிடத்தில் 10 பதிவு, மூன்று தடவைக்கு 30 பதிவு. ஒவ்வொன்றிலும் பேசினானா, சைகை காட்டினானா, சும்மா இருந்தானா, யாரிடம் என்று குறியுங்கள். "30 பதிவில் 4இல் பேசினான், நான்கும் ஒரே தோழியிடம்" என்று எழுத முடிந்தால் அதை யாரும் அசைக்க முடியாது. "கூச்ச சுபாவம்" என்று எழுதினால் எதைப் பார்த்து என்ற கேள்வி வரும், பதில் இருக்காது.

குறிப்பு இப்படி இருக்கட்டும்: "10.14. கட்டை அடுக்குகிறான். ஐந்தாவது சரிகிறது. பக்கத்தில் இருக்கும் பெண்ணைப் பார்க்கிறான். அவள் சிரிக்கிறாள். இவன் உதடு அசைகிறது, சத்தம் கேட்கவில்லை. விழுந்த கட்டையை அவள் பக்கம் தள்ளுகிறான்." வார்த்தை ஒன்றுகூட இல்லை, ஆனால் பரிமாற்றம் நடந்திருக்கிறது. பேசுவதை மட்டும் எண்ணியிருந்தால் இது தப்பியிருக்கும். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932இல் குழந்தைகளின் விளையாட்டை வகைப்படுத்தியபோது, வேடிக்கை பார்ப்பதையும் பக்கத்தில் இருந்துகொண்டு தனியாக விளையாடுவதையும் தனித்தனி வகையாகவே வைத்தார். பேசாமல் இருக்கிறான் என்பதால் ஒட்டாமல் இருக்கிறான் என்று ஆகாது. பக்கத்தின் வலது ஓரத்தில் இடம் விடுங்கள். உங்கள் கருத்தை அங்கே, அன்று இரவே எழுதுங்கள். மறுநாளைக்குத் தள்ளினால் நடந்ததும் நினைத்ததும் கலந்துவிடும். அவன் பேசும் நாலு வார்த்தையையும் திருத்தாமல் எழுதுங்கள். "நாளைக்கு போனேன்" என்றால் "நாளைக்கு போனேன்"தான்.

அம்மாவின் பேட்டிக்கு வருவோம். "நன்றாகப் பேசுவானா?" என்று கேட்டிருப்பீர்கள். எந்தத் தாய் இல்லை என்பார்? "இன்றைக்கு எழுந்ததிலிருந்து என்னென்ன சொன்னான், அவன் சொன்ன மாதிரியே சொல்லுங்க" என்று மறுபடி கேளுங்கள். யாரிடம் அதிகம் பேசுவான், விருந்தாளி வந்தால் என்ன செய்வான், வீட்டில் பேசும் மொழியும் வகுப்பு மொழியும் ஒன்றா என்பதையும் கேளுங்கள். எட்டுக் கேள்வி, அரை மணி நேரம், பையன் அருகில் இருக்கக் கூடாது. எப்போது நடந்தான், எப்போது முதல் வார்த்தை என்பதற்கெல்லாம் நினைவை நம்பாதீர்கள், கைபேசியில் தேதியோடு இருக்கும் வீடியோவைக் காட்டச் சொல்லுங்கள். மாதக் கணக்கைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் குழந்தைகள் எதையும் பிடித்துக்கொள்ளாமல் தானாக நடக்கத் தொடங்கிய வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை விரிந்திருக்கிறது.

பையனிடமே பேசிப் பார்க்க நினைத்தால், ஒரே கேள்வியை இரண்டாம் தரம் கேட்காதீர்கள். முதல் பதில் தப்பு என்று நினைத்து மாற்றிவிடுவான். சூசன் ரோஸ், மேரியன் பிளாங்க் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1974இல் இதைச் சோதித்தார்கள். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயின் பாணிக் கேள்வியை ஒரே ஒரு தரம் கேட்டபோது, இரண்டு தரம் கேட்டதைவிடக் குழந்தைகள் மேலாகப் பதில் சொன்னார்கள். 1980இல் இன்னொரு ஆய்வில் "பால் தண்ணீரைவிடப் பெரியதா?" என்று அபத்தமாகக் கேட்டதற்கும் குழந்தைகள் பெரும்பாலோர் சளைக்காமல் பதில் சொன்னார்கள். பெரியவர் கேட்டால் எதையாவது சொல்லியாக வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பதில் வந்துவிட்டது என்பதற்காகவே அது தகவலாகிவிடாது.

ஒன்றை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும். பள்ளியில் சேர்ந்த முதல் மாதம் பேசாமல் இருப்பது சகஜம். வகுப்பு மொழி புதிது என்றால் இன்னும் சில மாதம்கூட ஆகலாம். இந்த இரண்டும் இல்லாமல், வீட்டில் சரளமாகப் பேசுகிறவன் வகுப்பில் மட்டும் ஒரு மாதத்துக்கு மேலாக யாரிடமும் வாய் திறக்கவில்லை என்றால் அது செலக்டிவ் மியூட்டிசமாக (சில இடங்களில் மட்டும் பேச்சு வராமல் போவது) இருக்கலாம். பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள்; பதற்றம் குழந்தையின் தொண்டையை அடைக்கிறது. "பேசினால்தான் தருவேன்" என்று பந்தயம் கட்டினால் இன்னும் இறுகும். உங்கள் பையன் ஒரு தோழியிடமாவது முணுமுணுக்கிறானா என்பதை 30 பதிவும் காட்டிவிடும். ஒருவரிடமும் இல்லை என்றால் வகுப்பாசிரியையிடம் பதிவுகளைக் காட்டி, குழந்தைகள் நல மருத்துவரையோ பேச்சுப் பயிற்சியாளரையோ பார்க்கும்படி பெற்றோருக்கு அவர் மூலம் சொல்லுங்கள். பதிவேட்டில் நோயின் பெயரை எழுத உங்களுக்கு அதிகாரம் இல்லை. அந்தப் பெயர் குழந்தையோடு அடுத்த வகுப்புக்கும் போய்விடும்.

இனி, இப்படிக் குழம்பும் மாணவர்களைக் குறிவைக்கும் ஆட்களைப் பற்றி. எழுதி முடித்த பதிவேட்டை விற்கிறார்கள். பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாமாம். அதில் வரும் குழந்தை எப்போதும் சுறுசுறுப்பு, நட்போடு பழகும், நிறங்களை அடையாளம் காணும்; அம்மா சொன்னதும் பார்த்ததும் அப்பழுக்கில்லாமல் ஒத்துப்போகும். பத்துப் பதிவேடு திருத்தியவருக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். இன்னொரு கூட்டம் கைரேகை எடுத்து மூளைத் திறன் அறிக்கை தருகிறேன் என்று பள்ளிப் படியேறுகிறது. விரல் ரேகைக்கும் குழந்தையின் திறமைக்கும் முடிச்சுப் போட அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை. அந்த அறிக்கையை இணைப்பாகக்கூட வைக்காதீர்கள்.

விற்பவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. ஒரே நாளில் பார்த்துவிட்டு வந்து 20 பக்கம் நிரப்பு, "ஆளுமை: நன்று / சுமார்" என்ற கட்டத்தில் டிக் போடு, முத்திரை வாங்கு என்று படிவம் அச்சடிப்பவர்கள்தான் இந்த வியாபாரத்துக்கு வாசல் திறந்துவிடுகிறார்கள். அந்தக் கட்டத்தில் "பக்கம் 6 பார்க்க" என்று எழுதுங்கள். 6ஆம் பக்கத்தில் இரண்டு பத்தி: வகுப்பில் பார்த்தது, அம்மா சொன்னது. கீழே ஒரே வரியில், இடத்துக்கு இடம் ஏன் மாறியிருக்கலாம் என்ற உங்கள் ஊகம், அது ஊகம்தான் என்ற குறிப்போடு.

மதிப்பெண்ணுக்குப் பயப்பட வேண்டாம். வாய்மொழித் தேர்வில் "ஏன் ஒத்துப்போகவில்லை?" என்றுதான் கேட்பார்கள், அதற்குத் தயாராகப் போங்கள். பென்சிலில் கிறுக்கிய மூலத் தாள்களைக் கிழித்துப் போடாமல் பதிவேட்டின் பின்னால் சேர்த்துத் தைத்து வையுங்கள். பையனின் உண்மைப் பெயர் அதில் எங்காவது இருந்தால் மட்டும் அடித்துவிட்டு மாற்றுப் பெயர் எழுதுங்கள்.