டுவேன் ஆல்மன் – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

போன வாரம் அமெரிக்க ராக் கிடார் கலைஞர் டுவேன் ஆல்மனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நீங்கள் சொன்ன, அவருடைய ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் ஃபில்மோர் ஈஸ்ட் கச்சேரி இசைத்தட்டை மூன்று முறை கேட்டுவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு சந்தேகம். 24 வயதில் பைக் விபத்தில் போனதால்தானே இன்றும் இவ்வளவு பேச்சு? இருந்திருந்தால் பழைய பாட்டையே வாசித்துக்கொண்டிருக்கும் கிழவர்களில் ஒருவராகியிருப்பார். செத்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சந்தனம் பூசுகிறோமோ?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ராக் இசையில் இளவயதுச் சாவு நல்ல வியாபாரம்தான். ஆனால் அந்த வியாபாரம் டுவேனுக்கு அவ்வளவாக நடக்கவில்லை. அவரைப் போலவே இளவயதில் போன கிடார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் முகம் போட்ட டி-ஷர்ட்டை எந்த ஊரிலும் பார்க்கலாம். டுவேனின் படத்தைக் காட்டினால் கிடார் வாசிக்கிறவர்கள்தான் அடையாளம் சொல்வார்கள்.

அவர்கள் காதில் அவர் விழுந்தது சாவதற்கு முன்பே. 1968இல் அலபாமாவின் மஸில் ஷோல்ஸில் பாடகர் வில்சன் பிக்கெட், பீட்டில்ஸின் 'ஹே ஜூட்' பாட்டைப் பாடிப் பதிவு செய்தார். பின்னால் கிடார் வாசித்த டுவேனை அப்போது வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. பாட்டின் கடைசியில் பிக்கெட் அலற அலற, கிடாரும் விடாமல் கூடவே அலறுகிறது. அதைக் கேட்டுவிட்டு 'யார் இது?' என்று விசாரித்தவர்களில் இங்கிலாந்தின் கிடார் கலைஞர் எரிக் கிளாப்டன் ஒருவர். 1970இல் மயாமியில் தன் 'லைலா' இசைத்தட்டின் பதிவுக்கு டுவேனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் அந்தக் குப்பி. கோரிசிடின் என்றொரு சளி மாத்திரை. சளியோடு கிடந்த அண்ணனுக்குத் தம்பி கிரெக் வாங்கிக் கொடுத்தது. மாத்திரையைக் கொட்டி, லேபிளைக் கழுவி, கண்ணாடிக் குப்பியை மோதிர விரலில் மாட்டிக்கொண்டார் டுவேன். இந்த வாசிப்புக்கு ஸ்லைடு என்று பெயர். இதில் கம்பியை விரலால் மெட்டுக்கட்டைகளில் (ஃபிரெட்) அழுத்துவதில்லை, கண்ணாடி கம்பியின் மேல் வழுக்கிப் போகிறது. மயிரிழை தவறினால் சுருதி போயிற்று. கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு இந்த ஆபத்து விளங்கும். அந்த ஆபத்தில் நின்றுகொண்டு அவர் மூச்சு விட்டுப் பாடுகிற மாதிரி வாசித்தார். இன்றைக்கு அந்தக் குப்பிக்கு நகல் செய்து கிடார்க்காரர்களுக்கு விற்கிறார்கள், உள்ளே மாத்திரை இல்லாமல்.

குப்பி வாங்கியவர்கள் எல்லாம் வாரிசு ஆகிவிடவில்லை. நான் வாரிசு என்று சொல்வது டெரெக் டிரக்ஸை. குழுவின் டிரம்மர் புட்ச் டிரக்ஸுக்கு அண்ணன் தம்பி வழியில் மகன் முறை. பிறந்தது 1979இல், டுவேன் போய் எட்டு வருஷம் கழித்து. டுவேனிடமிருந்து ஸ்லைடை எடுத்துக்கொண்டவர், அலி அக்பர் கானின் சரோதை ஆழ்ந்து கேட்டு, அந்த இழைப்பைக் கிடாருக்குக் கொண்டுவந்தார். டுவேன் போகாத இடம் அது.

கிழவராகியிருப்பார் என்கிறீர்கள். இருக்கலாம், நான் வாதாடப் போவதில்லை. சந்தன விஷயத்திலும் உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். இரண்டு கிடார்கள் ஒரே மெட்டை ஸ்வரம் தள்ளிச் சேர்ந்து பாடுவதுதான் பின்னால் வந்த எத்தனையோ குழுக்கள் எடுத்துக்கொண்டது. அதில் சரிபாதி குழுவின் இன்னொரு கிடார்க்காரர் டிக்கி பெட்ஸுடையது. ஃபில்மோர் தட்டில் இருக்கும் 'இன் மெமரி ஆஃப் எலிசபெத் ரீட்' அவர் அமைத்தது. அவர் 80 வயது வரை இருந்து 2024இல்தான் போனார். அந்தப் பேச்சில் டுவேன் பெயர்தான் முதலில் வருகிறது. உங்கள் கோபம் அங்கே பொருந்தும்.

டுவேன் போன பிறகும் குழு நின்றுவிடவில்லை. டுவேன் இறந்தது 1971 அக்டோபர் 29. கடைசிக் கச்சேரி நியூயார்க் பீக்கன் தியேட்டரில் 2014 அக்டோபர் 28 இரவு தொடங்கி, நள்ளிரவு தாண்டித் தேதி 29 ஆன பிறகு முடிந்தது. மேடையில் ஸ்லைடோடு டெரெக் இருந்தார்.

ஃபில்மோரை மூன்று முறை கேட்டது போதும். அடுத்து பிக்கெட்டின் 'ஹே ஜூட்'. சின்னப் பாட்டுதான். அந்தக் கடைசிப் பகுதியில் என்ன கேட்டீர்கள் என்று எழுதுங்கள்.