தாத்தாவின் பங்குச் சான்றிதழுக்கு இன்று என்ன மதிப்பு? கூட்டுறவு குறித்துச் சில கேள்விகள்

கோத்தகிரி அருகே ஒன்றேகால் ஏக்கரில் தேயிலை வைத்திருக்கிறேன். ஒரு கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையில் 22 ஆண்டுகள் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் மலையிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

குன்னூர், கல்லூரி மாணவி: தாத்தாவின் பெட்டியில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையின் பங்குச் சான்றிதழ் ஒன்று கிடைத்தது. ஐம்பது ஆண்டு பழையது. இன்று அது எவ்வளவு பெறும் ஐயா?

அதில் அச்சிட்டிருக்கும் தொகைதான் பெறும், அம்மா. கூட்டுறவுப் பங்கின் விலை ஏறாது, சந்தையில் விற்கவும் முடியாது. ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் பங்கின் விலை ஏறும் என்று இருந்திருந்தால், கையில் பணமுள்ள ஒருவர் ஊரார் பங்கையெல்லாம் வாங்கிக் குவித்திருப்பார். உங்கள் தாத்தாவின் தொழிற்சாலை அன்றே அவருடையதாகியிருக்கும்.

இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் 1844-இல் 28 பேர், பலரும் நெசவாளர்கள், ஆளுக்கு ஒரு பவுன் போட்டு மளிகைக் கடை திறந்தார்கள். எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான். மிச்சப்படும் லாபத்தை, கடையில் யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்த அளவுக்குப் பிரித்துக்கொண்டார்கள். நம் மலையில் வாங்குவதற்குப் பதில் இலை கொடுக்கிறோம், அவ்வளவுதான் வேறுபாடு. தாத்தாவுக்கு அந்தத் தாள் சம்பாதித்துத் தரவில்லை. அவர் சுமந்து வந்த கொழுந்துக்குக் கிடைத்த விலைதான் அவருடைய ஆதாயம்.

இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்குப் போங்கள். பணத்தைத் திரும்பக் கேட்கலாம். தகுதி இருந்தால் அந்த இடத்தில் நீங்களே உறுப்பினராகலாம். வீட்டில் இன்னும் தோட்டம் இருக்கிறதென்றால் உறுப்பினராகுங்கள் என்றுதான் சொல்வேன்.

மஞ்சூர், சிறு விவசாயி: தனியார் ஏஜெண்ட் தோட்டத்துக்கே வண்டி கொண்டுவந்து, கிலோவுக்கு 2 ரூபாய் கூடுதலாகத் தருகிறார். பணமும் கையோடு கிடைக்கிறது. சங்கத்துக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

கணக்கராக இருந்தபோது நானே இதைச் செய்திருக்கிறேன். மகளின் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்த ஆண்டு அது. நல்ல கொழுந்தை ஏஜெண்டிடம் போட்டுவிட்டு, முற்றிய இலையைச் சங்கத்து எடைமேடையில் போட்டேன். உறுப்பினர் என்பதால் யாரும் திருப்பி அனுப்பவில்லை. என் பெயருக்கு நேரே அந்த எடையை நானே பதிவேட்டில் எழுதினேன். இன்றைக்கும் அது மனத்தை உறுத்துகிறது.

அதன் விளைவு கணக்குப் புத்தகத்தில்தான் தெரியும். ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பசுந்தேயிலை வேண்டும். இலை வந்தாலும் வராவிட்டாலும் மின்கட்டணம், விறகு, சம்பளம், கடன் வட்டி நிற்பதில்லை. பத்தாயிரம் கிலோ வரவேண்டிய நாளில் ஐயாயிரம் வந்தால், ஒவ்வொரு கிலோவின் தலையிலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு செலவு ஏறுகிறது. முற்றிய இலையில் அரைத்த தூளுக்குக் குன்னூர் ஏலத்தில் விலையும் குறைவு. அடுத்த மாதம் சங்கம் தரும் விலை இறங்கும். அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் ஏஜெண்டிடம் போவார்கள். தொழிற்சாலை படுத்துவிட்டால் அந்த 2 ரூபாய் எத்தனை நாள் நீடிக்கும்? ஏஜெண்டுக்குப் போட்டியாக ஒரு எடைமேடை திறந்திருக்கிறது என்பதால்தான் அவர் கூட்டித் தருகிறார்.

ஆனால் பணம் தாமதமாகிறது என்று நீங்கள் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் யாராலும் காத்திருக்க முடியாது. அதைப் பேரவைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள், பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவும் சொல்லுங்கள்.

கூடலூர்: சங்கத்தில் சேரப் பணம் கட்டி ரசீதும் வைத்திருக்கிறேன். சங்கத் தேர்தலில் வாக்கு இல்லை என்கிறார்கள்.

உங்களை இணை உறுப்பினராகச் சேர்த்திருப்பார்கள். இணை உறுப்பினருக்கு வாக்குரிமை கிடையாது. முழு உறுப்பினராவதற்கான தகுதி, சங்கம் தனக்கென எழுதி வைத்திருக்கும் துணை விதிகளில் இருக்கும். அதைப் படித்துப் பார்த்து எழுத்து மூலமாக விண்ணப்பியுங்கள்.

ஊட்டி, ஓய்வு பெற்ற ஆசிரியர்: கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் கூட்டமைப்பான இண்ட்கோசர்வ் இணையத்தின் தலைமையில் ஐ.ஏ.எஸ். அதிகாரி இருக்கிறார். பிறகு அதை உறுப்பினர்களின் சொத்து என்று எப்படிச் சொல்வது?

வேர் வரை போகும் கேள்வி. ராச்டேலில் கூட்டுறவு கீழிருந்து முளைத்தது. நம் நாட்டில் 1904-இல் ஆங்கில அரசு சட்டம் போட்டு மேலிருந்து இறக்கியது. சங்கங்களை மேற்பார்க்கும் அரசு அதிகாரியான பதிவாளரின் கை அன்றிலிருந்தே பெரியது. அதே 1904-இல் சென்னை திருவல்லிக்கேணியில் ராச்டேலைப் பார்த்து மக்கள் தாங்களே ஒரு பண்டகசாலையும் தொடங்கினார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

நம் இணையம் 1965-இல் ஏற்பட்டது. 16 கூட்டுறவுத் தொழிற்சாலைகள் அதன் கீழ் உள்ளன. அரசு உதவி இல்லாமல் ஒன்றரை ஏக்கர்காரர்கள் இத்தனை தொழிற்சாலைகளைக் கட்டியிருக்க முடியாது. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் சங்கத் தேர்தல் தள்ளிப்போய்த் அரசு அமர்த்தும் தனி அலுவலர் பொறுப்பில் காலம் ஓடும்போது, உறுப்பினர் வெறும் இலை கொடுப்பவராகிவிடுகிறார். அது எனக்குச் சம்மதமில்லை. கூட்டுறவுச் சங்கம் அமைப்பது 97-ஆவது திருத்தத்தால் அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவில் அடிப்படை உரிமையாகச் சேர்ந்தது. அத்திருத்தத்தின் ஒரு பகுதியை உச்ச நீதிமன்றம் 2021-இல் நீக்கியபோதும் இந்த உரிமை நிலைத்தது.

பூம்பாறை, பூண்டு விவசாயி: ஒவ்வொருவரும் தனித்தனியாக வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு கொண்டுபோகிறோம். சங்கம் வைக்கலாமா, உற்பத்தியாளர் நிறுவனம் வைக்கலாமா?

2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு வந்தபோதே உங்களிடம் ஒரு பொதுச் சொத்து சேர்ந்துவிட்டது. அந்தப் பெயரைத் தனியொருவர் சொந்தம் கொண்டாட முடியாது. சந்தையில் அதற்குரிய விலையைக் கேட்க ஓர் அமைப்புதான் வேண்டும்.

உற்பத்தியாளர் நிறுவனம் என்பது கம்பெனிச் சட்டத்தில் பதிவாவது. பத்து விவசாயிகள் போதும். அங்கும் ஆளுக்கு ஒரு வாக்குதான். அரசின் தலையீடு குறைவு, ஆனால் தணிக்கையும் ஆண்டுக் கணக்குத் தாக்கலும் கண்டிப்பானவை. எங்கள் பக்கம் தேனும் சிறுதானியமும் விற்கும் ஆதிமலை பழங்குடியினர் நிறுவனம் இந்த வகைதான். மேட்டுப்பாளையத்தில் நீலகிரி உருளைக்கிழங்கை ஏலம் விடும் கூட்டுறவு விற்பனைச் சங்கம் 1935 முதல் இருக்கிறது. அது பழைய வழி. உங்கள் ஊருக்கு நான் உற்பத்தியாளர் நிறுவனத்தையே சொல்வேன். பதிவு செய்வதற்கு முன் ஒரே ஒரு பருவம், பத்துப் பேர் பூண்டைச் சேர்த்துத் தரம் பிரித்து ஒரே வண்டியில் ஏற்றிப் பாருங்கள். அந்த ஒரு பயணத்தின் கணக்கில் சண்டை வராவிட்டால் பதிவுக்குப் போகலாம்.

கோத்தகிரி, ஒரு சகோதரி: பறிப்பதும் சுமப்பதும் நான். நிலமும் உறுப்பினர் அட்டையும் மாமனார் பெயரில். கூட்ட அழைப்பு அவருக்குத்தான் வருகிறது, அவரும் போவதில்லை.

நான் எழுதிய பதிவேடுகளில் பக்கத்துக்குப் பக்கம் ஆண் பெயர்கள்தான் இருந்தன தங்கையே. எடைமேடைக்கு வந்து நின்றவர்களோ பெரும்பாலும் பெண்கள். நிர்வாகக் குழுவில் பெண்களுக்கு இடஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் உறுப்பினராக இருந்தால்தான் அந்த வாசலுக்கே போக முடியும். மாமனாரிடம் பேசி நிலத்தில் ஒரு சிறு பகுதியையாவது உங்கள் பெயருக்கு எழுதி வாங்க முடியுமா என்று பாருங்கள். குத்தகை ஒப்பந்தத்தை ஏற்கும் துணை விதி உங்கள் சங்கத்தில் இருந்தால் இன்னும் எளிது. அதுவரை எடைச் சீட்டுகளை ஒன்றுவிடாமல் பத்திரப்படுத்துங்கள். விண்ணப்பத்தோடு அவற்றையும் இணைத்துக் கொடுங்கள்.