எறும்பின் உணவை ஆராய விரும்பும் மகள்: பெற்றோர் ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் மகள் விலங்கியல் முதுநிலை முடித்து, ஊடுருவும் எறும்புகளின் (பிற இடங்களிலிருந்து வந்து பரவி உள்ளூர் இனங்களை நெருக்குபவை) உணவு அவற்றின் போட்டியையும் நடத்தையையும் எப்படி மாற்றுகிறது என்று ஆராய விரும்புவதாகவும், “எறும்பு எதைத் தின்றால் என்ன, அதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?” என்று உறவினர்கள் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அக்கேள்வியின் முதல் பாதிக்கு விடை தெரிந்துவிட்டால், இரண்டாம் பாதியைப் பற்றிய அச்சம் பெருமளவு குறையும்.

வேலைக்கார எறும்புகள் ஓடவும் சண்டையிடவும் தேவையான ஆற்றல் பெரும்பாலும் சர்க்கரையிலிருந்து வருகிறது. கூட்டிலுள்ள எறும்புக் குஞ்சுகளான புழுக்கள் வளரப் புரதம் வேண்டும். அசுவினி, செதில் பூச்சி, மாவுப்பூச்சி ஆகிய, செடியின் சாற்றை உறிஞ்சும் பூச்சிகள் வெளியேற்றும் இனிப்புக் கழிவு தடையின்றிக் கிடைக்கும் கூட்டில் ஆற்றல் மிஞ்சுவதால், அதன் எறும்புகள் தொலைவு வரை அலைந்து, உள்ளூர் இனங்களை உணவிடங்களிலிருந்து விரட்டுகின்றன. ஊடுருவும் இனமான அர்ஜென்டினா எறும்புகளைக் கொண்டு 2007இல் வெளியான ஓர் ஆய்வகச் சோதனையில், சர்க்கரை குறைக்கப்பட்ட கூடுகளில் நடமாட்டமும் மூர்க்கமும் தணிந்தன. மூர்க்கம் இனத்தின் பிறவிக்குணம் மட்டுமன்று, உணவையும் பொறுத்தது என்பதே இதில் எனக்குச் சுவையாகப் படுவது.

இந்த அறிவுக்குக் களத்தில் நேரடிப் பயன் உண்டு. ஆஸ்திரேலியாவுக்குரிய கிறிஸ்துமஸ் தீவில் மஞ்சள் பைத்திய எறும்புகள் செதில் பூச்சிகளின் இனிப்பை உண்டு பெருகி, அமிலத்தைப் பீய்ச்சி கோடிக்கணக்கான சிவப்பு நண்டுகளைக் கொன்றன. அங்கே 2016இல் மலேசியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட நுண்குளவி ஒன்று, எறும்பைத் தாக்குவதற்காக அல்லாமல், எறும்புக்கு இனிப்பு தரும் செதில் பூச்சியை ஒடுக்குவதற்காகவே விடப்பட்டது. நச்சு இரை தயாரிப்பிலும் இதே கணக்குதான்: எண்ணெயை நாடும் சிவப்பு நெருப்பெறும்புக்குச் சோயா எண்ணெயில் ஊறிய மக்காச்சோளக் குருணையும், அர்ஜென்டினா எறும்புக்கு இனிப்புத் திரவமும் வைக்கிறார்கள். எறும்புகள் உணவை வாய்க்கு வாய் பகிர்வதால், நஞ்சு மெதுவாக வேலை செய்தால்தான் அது அரசி வரை போய்ச் சேரும்.

ஆகவே சம்பளம் தருபவர்கள் தாவரத் தனிமைப்படுத்தல் துறைகள் (செடிகளோடு அயல் பூச்சியும் நோயும் நுழையாமல் தடுப்பவை), வேளாண் ஆராய்ச்சி நிலையங்கள், பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனங்கள், வனப் பாதுகாப்புத் திட்டங்கள் ஆகியோர். “எறும்பு ஆய்வாளர்” என்ற பெயரிலேயே வரும் பணியிடங்கள் மிகக் குறைவு என்பதையும், முனைவர் பட்டத்துக்குப் பின்னும் சில ஆண்டுகள் தற்காலிகப் பணியில் கழியக்கூடும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. புள்ளியியலும் ஆர் (R) என்னும் கணினி மொழியில் தரவுப் பகுப்பாய்வும் நன்கு தெரிந்திருந்தால், எறும்பை விட்டு வேறு துறைக்குச் செல்ல நேர்ந்தாலும் கைகொடுக்கும். இதை அவர் இப்போதே தொடங்கட்டும்.

ஆர்வம் உண்மையானதா என்பதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. எறும்புத் தடத்தருகே ஓர் அட்டையில் சர்க்கரைக் கரைசலையும், மற்றொன்றில் அவித்த முட்டை வெள்ளைக்கருவையும் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிக்கையையும், எந்த இனம் எதை விரட்டியது என்பதையும் இரண்டு மணி நேரம் குறித்துவரச் சொல்லுங்கள். வேறுவேறு நாள்களில் இதைத் திரும்பச் செய்ய அவரே முன்வந்தால் தடுக்காதீர்கள். முதல் நாளே சலித்தால், அதையும் குறையாகக் கருதாமல் வேறு பிரிவுகளைப் பற்றிப் பேசலாம். முனைவர் பட்ட ஆய்வில் சேரும் முன், நெறியாளராக அமையவிருப்பவரிடம் அவருடைய முன்னாள் மாணவர்கள் இப்போது எங்கே பணிபுரிகிறார்கள் என்று உங்கள் மகளே நேரில் கேட்க வேண்டும்.