புல்லட்டை மூன்று சக்கர வண்டியாக மாற்றலாமா?

கேள்வி: கோவையில் ஒரு லேத் பட்டறையில் டர்னராக இருக்கிறேன். வயது 27. பொள்ளாச்சியில் ஒரு புரோக்கர் மூலம் 1994 மாடல் புல்லட் வாங்கினேன். பின்பக்க ஃப்ரேமை வெட்டி எடுத்துவிட்டு, பழைய லோடு ஆட்டோவின் ஆக்ஸிலை வைத்து மூன்று சக்கர வண்டியாக வீட்டிலேயே செய்ய ஆசை. சொந்தமாகச் செய்யும் முதல் வண்டி இது. ஆக்ஸில் வாங்கியாகிவிட்டது, ஃப்ரேமை இன்னும் வெட்டவில்லை. தெரிந்த ஏஜென்ட் ஒருவர் 18,000 ரூபாய் கொடுத்தால் ஆர்.சி.யில் ஏற்றித் தருவதாகச் சொல்கிறார். மனைவியோடு வால்பாறை போய்வர வேண்டும். அப்பாவுக்கு இடது காலில் போலியோ. பைக்கில் பின்னால் ஏறி உட்கார முடியாது. மூன்று சக்கரம் என்றால் அவரையும் கூட்டிப் போகலாம். சட்டத்தில் சிக்கல் வருமா?

பதில்: தம்பி, ஃப்ரேமை இன்னும் வெட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும்தான் எனக்கு நிம்மதி வந்தது. இந்தப் பதிலை முழுசாகப் படித்து முடிக்கும் வரை கட்டிங் மெஷினைத் தொடாதீர்கள்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவுதான் உங்கள் விஷயத்துக்கு அடிப்படை. வண்டியைத் தயாரித்த கம்பெனி முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக ஆர்.சி. விவரங்கள் ஆகிவிடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது அது. கேரளத்திலிருந்து போன ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. கம்பெனி இரண்டு சக்கரத்தோடு கொடுத்த வண்டிக்கு மூன்றாவது சக்கரம் வைத்து, ஆக்ஸிலையும் சேசிஸையும் மாற்றுவதைச் சின்ன மாற்றம் என்று எந்த ஆர்.டி.ஓ.வும் எடுத்துக்கொள்ள முடியாது. ஏஜென்ட் எதை ஏற்றித் தரப்போகிறார் என்று கேட்டுப் பாருங்கள். சட்டம் அனுமதிக்காத ஒன்றை ஆர்.சி.யில் ஏற்றினால் அந்தப் பதிவு ஒருநாள் ரத்தாகும். அன்றைக்குப் பணம் வாங்கியவர் இருக்கமாட்டார், கையெழுத்துப் போட்ட நீங்கள்தான் இருப்பீர்கள். அந்த 18,000-ஐ அவரிடம் கொடுக்காதீர்கள்.

2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் மாற்றம் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். உங்கள் பட்டறை முதலாளியையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வண்டி ரிப்பேர் செய்பவரையும் பாடி கட்டுபவரையும் இந்தச் சட்டம் 'டீலர்' என்ற சொல்லுக்குள் சேர்த்திருக்கிறது. டீலர் இப்படி வண்டியை மாற்றிக் கொடுத்தால் ஓராண்டு வரை சிறையும் வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் அபராதமும் வரலாம். ஆகவே வெல்டிங் வேலைக்குப் பட்டறை நண்பர்களைக் கூப்பிடும் முன் யோசியுங்கள்.

ஆனால் அபராதத்தை விட எனக்குப் பெரிய கவலை இன்சூரன்ஸ்தான். நீங்கள் எடுக்கப்போகும் மூன்றாம் நபர் பாலிசி, அந்தப் பதிவு எண் கொண்ட இரு சக்கர வண்டிக்கானது. வால்பாறைக் கொண்டை ஊசி வளைவில் உங்கள் வண்டி ஒருவர் மீது மோதிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது நாங்கள் பாலிசி கொடுத்த வண்டியே இல்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனி வாதாடும். சரி, தீர்ப்பாயம் முதலில் கம்பெனியையே கட்டச் சொன்னாலும், அப்புறம் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று சேர்த்து உத்தரவு போட முடியும். உயிர்ச்சேத வழக்குகளில் இழப்பீடு பல லட்சங்களில் போகும். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்து இழப்பீடு கட்டிய ஒரு குடும்பத்துக்காக நானே ஆஜராகியிருக்கிறேன். அது இன்றும் மனதை விட்டுப் போகவில்லை.

வளைவைப் பற்றிச் சொன்னது சும்மா பயமுறுத்த அல்ல. பைக் வளைவில் சாய்ந்து திரும்பும். பின்னால் இரண்டு சக்கரம் வைத்துவிட்டால் சாயாது, வேகத்தில் உள்பக்கச் சக்கரம் தூக்கப் பார்க்கும். இதையெல்லாம் என்னை விட நன்றாகத் தெரிந்த தொழில்காரர் நீங்கள். டெஸ்ட் செய்யாத வண்டியைச் சட்டம் ரோட்டில் விட மறுப்பதற்கு இதுதான் காரணம். இங்கிலாந்தில் வீட்டில் கட்டிய மூன்று சக்கர வண்டியையும் தனி வண்டியாகவே பரிசோதித்துப் பதிவு செய்ய வழி இருக்கிறது. நீங்கள் பார்க்கும் வீடியோக்களில் பல அப்படிப்பட்ட நாடுகளில் எடுத்தவை. இங்கே புது வண்டி பதிவாக வேண்டுமானால் மாதிரி வண்டி புனே, மானேசர், நம் ஒரகடம் போன்ற இடங்களில் இருக்கும் பரிசோதனை மையம் ஒன்றில் தேற வேண்டும், தயாரிப்பாளரின் தகுதிச் சான்றும் வேண்டும். ஒரே ஒரு வண்டி செய்யும் தனி மனிதரால் ஆகிற காரியம் அல்ல அது.

சரி, வழியே இல்லையா? இருக்கிறது. கடைசியில் போகிற போக்கில் அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, வழி அங்கேதான் திறக்கிறது.

மாற்றுத்திறனாளி ஒருவரின் பயன்பாட்டுக்காக மாற்றிய வண்டிக்கு 52-ஆவது பிரிவிலேயே விலக்கு வைத்திருக்கிறார்கள். பதிவு அதிகாரியின் ஒப்புதலோடு அப்படி மாற்றலாம். ஸ்கூட்டரின் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்து ஓட்டிப்போவதைத் தினமும் பார்க்கிறோமே, அந்த வகைதான். ஒப்புதலைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பது போலச் சட்டத்தின் வாசகம் இருந்தாலும், வெட்டுவதற்கு முன்பே வரைபடத்தோடு ஆர்.டி.ஓ.வுக்குப் பதிவுத் தபாலில் எழுதிக் கேளுங்கள் என்றுதான் சொல்வேன். ஆக்ஸிலையே மாற்றும் உங்கள் திட்டத்தை விட, சேசிஸைத் தொடாமல் பக்கச் சக்கரம் பொருத்தும் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைப்பது எளிது. மறுத்து உத்தரவு போட்டால், அது கைக்கு வந்த 30 நாளுக்குள் 57-ஆவது பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். வண்டி அப்பா பேரில் இருப்பது நல்லது. அவரே ஓட்டுவதாக இருந்தால் மருத்துவச் சான்றோடு அந்த வகை வண்டிக்கான லைசென்ஸும் எடுக்க வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: இந்த விலக்கு, அவரால் அல்லது அவருக்காக மட்டுமே ஓடும் வண்டிக்கு. நீங்களும் மனைவியும் மட்டும் அதில் வால்பாறை போக முடியாது.

அதனால் உங்கள் குடும்பத்துக்குப் பொருத்தமாக எனக்குத் தோன்றுவது சைடு கார், அதாவது பைக்கின் பக்கவாட்டில் மாட்டும், ஒற்றைச் சக்கரம் வைத்த உட்காரும் தொட்டி. மோட்டார் சைக்கிள் என்றால் என்ன என்று சட்டம் சொல்லும் இடத்திலேயே, கழற்றி மாட்டக்கூடிய சைடு காரும் அதன் கூடுதல் சக்கரமும் சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது. ஃப்ரேமை வெட்ட வேண்டாம், அப்பா கால் நீட்டி உட்காரலாம், மனைவி பின் சீட்டில் வரலாம். இதற்கும் ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கேட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் கடிதம் கொடுத்து, பதில் வந்த பிறகு மாட்டுங்கள். தொட்டியைக் கட்டுவது, பிடிமானக் கம்பிகள் கடைவது, சக்கரத்துக்கு பிரேக் வைப்பது என்று உங்கள் கைக்கு வேலை நிறையவே இருக்கிறது.

மூன்று சக்கர வண்டி ஆசை விடாது என்றால், பதிவுள்ள இந்தப் புல்லட்டை விட்டுவிடுங்கள். ஃப்ரேமைப் புதிதாக நீங்களே போட்டு, பில்லோடு வாங்கிய தனி இன்ஜினை வைத்து, வேலி போட்ட தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டுங்கள். பொதுமக்கள் உரிமையோடு வந்துபோகும் இடம் எதுவும், மண்பாதையாக இருந்தாலும், பொது இடம்தான். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதானாலும் டெம்போவில் ஏற்றித்தான் போக வேண்டும். பதிவில்லாத வண்டியை ரோட்டில் ஓட்டினால் முதல் முறையே 2,000 முதல் 5,000 வரை அபராதம், போலீஸ் வண்டியைப் பிடித்து வைக்கவும் செய்யலாம்.

கடைசியாக, புல்லட்டின் காகிதங்கள். வாங்கியதைச் சொன்னீர்கள், பெயர் மாற்றியதைச் சொல்லவில்லை. படிவம் 29, 30 இரண்டிலும் விற்றவரின் கையெழுத்து வாங்கி, வாங்கிய 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்திருக்க வேண்டும். பெயர் மாறாத வரை விபத்து வழக்கில் பழைய உரிமையாளரையும் இழுப்பார்கள், அவர் உங்களை இழுப்பார். 1994 வண்டியின் பதிவு 15 ஆண்டில் 2009-இல் முடிந்து, பிறகு ஐந்தைந்து ஆண்டாக 2014, 2019, 2024 என்று புதுப்பித்திருக்க வேண்டும். ஆர்.சி.யில் கடைசித் தேதியைப் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் முதலில் எஃப்.சி. காட்டிப் புதுப்பியுங்கள். அதற்கு வண்டி கம்பெனி கொடுத்த உருவத்திலேயே போய் நிற்க வேண்டும். ஆர்.சி.யில் இருக்கும் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் அடித்திருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று டார்ச் அடித்து இன்று இரவே பார்த்துவிடுங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகும் முன் எனக்கு எழுதுங்கள்.